கதவோரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்

கேள்வி: அக்கா, நான் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். கணவர் கத்தாரில். அம்மாவை மாதம் ஒருமுறை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு கிளினிக் கொண்டுபோக வேண்டும். மகளுக்கு டியூஷன் வேறு. அதனால் பாவித்த கார் ஒன்று எடுக்க முடிவுசெய்தோம். லைசன்ஸ் என்னிடம் இருக்கிறது. ஒரு கார் சேலில் 2018ஆம் ஆண்டு வேகன் ஆர் ஒன்றைக் காட்டினார்கள். ஒரே உரிமையாளர், டீச்சர், பள்ளிக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடிய வாகனம், மீற்றரில் 42,000 என்றார்கள். ஜப்பான் ஒக்ஷன் ஷீட்டும் காட்டினார்கள். ஒன்றரை இலட்சம் அட்வான்ஸ் கட்டிவிட்டேன். இரவு, கணவருக்கு அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், சாரதிப் பக்கக் கதவோரத்தில் ஒயில் மாற்றிய ஸ்டிக்கர் ஒன்று. ‘அடுத்தது 91,000’ என்று பேனையால் எழுதியிருக்கிறது. மறுநாள் போய்க் கேட்டேன். “அது வேற வாகனத்துட ஸ்டிக்கர் தங்கச்சி” என்று சிரித்தார்கள். கதவைத் திறந்து பார்த்தேன், ஸ்டிக்கரே இல்லை. இது நடந்து இரண்டு கிழமை. இப்போது லீசிங் பேப்பரில் கையெழுத்து வைக்க வரச்சொல்லி நாளுக்கு இரண்டு தடவை கோல் எடுக்கிறார்கள். ரசீதின் அடியில் ‘முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறது. அண்ணன், காசு போனால் போகட்டும் என்கிறார். கணவர், கார் நன்றாகத்தானே இருக்கிறது, எடு என்கிறார். நான் முட்டாள்தனம் செய்துவிட்டேனா அக்கா?
— களுவாஞ்சிகுடி வாசகி

பதில்:

இல்லை தங்கச்சி. முட்டாள்தனம் செய்தவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க மாட்டார். அந்தக் காரை எடுக்க வேண்டாம். அட்வான்ஸையும் விட வேண்டாம். அண்ணன் சொல்வதும் சரியில்லை, உங்கள் கணவர் சொல்வதும் சரியில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் ஊரில் ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது வழக்கம். அடுத்தது 91,000 என்றால், ஸ்டிக்கர் ஒட்டிய அன்று வண்டி 86,000 அளவில் ஓடியிருக்கிறது. களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மாதம் 22 நாள் வேலைக்குப் போய்வந்தாலே ஆயிரத்து முந்நூறு ஆகிவிடும். ஏழு வருடத்தில் ஒரு இலட்சத்தைத் தாண்டும். 42,000 நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் படிப்பித்த டீச்சர் என்றால் நடக்கலாம். ஆனால் ஸ்டிக்கர் வேறு வாகனத்துடையது என்றால், அதை இரவோடிரவாக உரித்தது ஏன்? உங்களுக்கான பதில் அந்த வெறும் கதவோரத்திலேயே இருக்கிறது.

மீற்றரைக் குறைத்து விற்பது ஒரு குற்றம். அதைவிட என்னை வருத்தியது அந்தச் சிரிப்பு. வாங்க வந்தவர் ஒரு கேள்வி கேட்டால், “வாங்கோ, சேர்ந்து பார்ப்போம்” என்று எழும்பி வருபவரிடம் பிழை இருந்தாலும் பேசித் தீர்க்கலாம். சிரித்துத் தட்டிக் கழிப்பவர் காசு முழுக்கக் கைக்கு வந்த பிறகு எப்படி நடந்துகொள்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் பாவனைக் கார்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த வாகனமே கைமாறிக் கைமாறி ஓடியது. வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்கள் எத்தனையோ பேர். “வேண்டாமெண்டா விடுங்க, பின்னால ஆள் நிக்குது” என்று சொல்லியே வியாபாரம் நடந்தது. இறக்குமதி திரும்பி வந்தாலும், அந்த ஐந்து வருடத்துப் பேச்சு சிலரின் வாயிலிருந்து இன்னும் போகவில்லை.

எல்லாரும் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். நான் என் காரை எடுத்தது அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு சின்ன சேலில். தகரக் கொட்டகை, ஐந்தாறு வாகனம், அவ்வளவுதான். நான் விலை கேட்கத் தொடங்க முன்பே அந்தச் சேல்கார நானா டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்பெயார் சக்கரத்தை வெளியே எடுத்து வைத்தார். அந்தக் குழியின் ஒரு மூலையில் வெல்டிங் பிடித்த தழும்பு இருந்தது. என் விரலை அதன்மேல் வைக்கச் சொன்னார். “பின்னால ஒருக்கா இடிபட்டது. டிங்கரிங் நல்லாச் செய்திருக்கு. ஆனா இடிபட்டதுதான். விலையில அதைக் கழிச்சிருக்கன்.” பிறகு திறப்பைத் தந்து, உங்கட மெக்கானிக்கிட்டக் கொண்டுபோய்க் காட்டிட்டு வாங்க என்றார். அந்த வாகனத்தை இன்றைக்கும் ஓட்டுகிறேன். மழைக்காலத்துக்கு முன் பிரேக்கைப் பார்க்கச் சொல்லி அவரிடமிருந்து இன்னும் கோல் வருகிறது.

அதற்கு முன்பு வேறொரு இடத்தில் எனக்கும் கிடைத்தது. நான் எஞ்சினைப் பற்றிக் கேட்டேன், விற்பவர் என் பதினெட்டு வயது மகனைப் பார்த்துப் பதில் சொன்னார். கடைசியில், “வீட்டில ஆம்பிளைகள் ஆரும் வரல்லையா?” என்றும் கேட்டார். நான் வாயடைத்துப்போய், ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். அப்போது சொல்லாமல் விட்டதை உங்களுக்குச் சொல்கிறேன். காசு கொடுப்பது நீங்கள், ஓட்டப்போவது நீங்கள், அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதும் நீங்கள். துணைக்கு ஆள் கூட்டிப் போவது நல்லது. ஆனால் பதில் உங்கள் முகத்தைப் பார்த்து வர வேண்டும்.

அடுத்தது அந்த ஒக்ஷன் ஷீட். ஜப்பானில் ஏலத்துக்கு வரும்போது அங்கேயுள்ள பரிசோதகர் எழுதும் தாள் அது. 4, 4.5 என்று தரம், இடிபட்டுத் திருத்தியதற்கு ஆர் என்ற எழுத்து, அன்றைய கிலோமீற்றர், கீறலும் நெளிவும் எங்கே என்று காட்டும் படம், எல்லாம் அதில் இருக்கும். நல்ல தாள்தான். ஆனால் அது ஜப்பானில் ஏலத்துக்கு வந்த நாள் வரைக்கும்தான் பேசும். உங்கள் வாகனம் இங்கே பதிவாகி ஏழு வருடம் ஓடியதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சேலில் அதை நீட்டியதும் நம் மனம் ஆறிவிடுகிறது. லீசிங்காரர் கொண்டுவரும் வலுவேஷன் ரிப்போர்ட்டும் அப்படித்தான். கொடுக்கும் கடனுக்கு வாகனத்தின் பெறுமதி போதுமா என்று பார்க்க எடுப்பது அது. வண்டி நல்லது என்ற அத்தாட்சியாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லீசிங் பேப்பரில் கையெழுத்து வைக்கவே கூடாது. வைத்தால் காசு நேரே சேல்காரரிடம் போய்விடும், தவணை உங்கள் தலையில் விழும், பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் ஏறும். பிறகு மீற்றரைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? வெற்றுப் படிவத்தில் “சும்மா ஒரு கையெழுத்து” என்று கேட்டால் இன்னும் மோசம். கோல் வந்தால், எழுத்தில் பதில் தருகிறேன் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

அந்த எழுத்தை இந்தக் கிழமையே எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். எந்தத் திகதியில் எவ்வளவு கட்டினீர்கள், ரசீது இலக்கம், வாகன இலக்கம், 42,000 என்றும் ஒரே உரிமையாளர் என்றும் உங்களுக்குச் சொன்னது, படத்தில் 91,000 என்று இருப்பது, மறுநாள் அந்த ஸ்டிக்கர் காணாமல் போனது. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, ‘இந்தக் காரணத்தால் நான் வாங்கவில்லை, 14 நாட்களுக்குள் முற்பணத்தைத் திருப்பித் தரவும்’ என்று முடியுங்கள். கோபத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வையுங்கள். படத்தை இப்போதே அச்செடுங்கள். கணவரின் போனில் இருக்கும் பிரதியையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அது அனுப்பிய திகதியும் நேரமும் உங்களுக்குச் சாட்சி.

ரசீதின் அடியில் உள்ள வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று நீங்கள் பின்வாங்கினால் அந்த வரியைக் காட்டலாம். சொன்ன பொருள் ஒன்று, காட்டிய பொருள் வேறொன்று என்றால் அது வேறு வழக்கு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதையும் பொருளைப் பற்றிப் பொய் சொல்வதையும் தடைசெய்கிறது. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு கிழமைதான் ஆகியிருக்கிறது, காலம் இருக்கிறது. அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேளுங்கள், மட்டக்களப்புக் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) விசாரியுங்கள். அதற்கும் அசையாவிட்டால், பிணக்கைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம். என் அனுபவத்தில், பதிவுத் தபால் போய்ச் சேர்ந்ததுமே பல பேரின் குரல் இறங்கிவிடும்.

சரி, அடுத்த வாகனத்துக்கு வருவோம். மீற்றர் பொய் சொன்னாலும் தேய்மானம் சொல்லாது. பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் மேல்விளிம்பு, சாரதி சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து ஓரம், இந்த மூன்றையும் தடவிப் பாருங்கள். நாற்பதாயிரம் ஓடியதில் பெடல் மழமழவென்று இருக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1821 என்றால் 2021ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் செய்த டயர். குறைவாக ஓடிய வண்டி என்கிறார்கள், ஆனால் நான்கு டயரும் மாற்றியிருக்கிறது என்றால், ஏன் என்று கேளுங்கள்.

நம் பகுதிக்கு இன்னொன்று, இதைக் கட்டாயம் பாருங்கள். 2024 நவம்பர் வெள்ளத்திலும் 2025 நவம்பரில் டித்வா புயலிலும் நாட்டில் எத்தனையோ வாகனங்கள் தண்ணீரில் நின்றன. கழுவிக் காயவைத்து, வாசனை அடித்து விற்பனைக்கு வருபவையும் இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்கள். வழக்கமாக உள்ளேயே சுருண்டிருக்கும் அந்த முடிவுப் பகுதியைக் கழுவ எவருக்கும் நினைவு வராது, சேற்றுக்கோடு அங்கே அப்படியே நிற்கும். சீட்டைத் தரையோடு பூட்டும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, கால்விரிப்புக்குக் கீழே மணல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹைபிரிட் வேகன் ஆர் என்றால் முன் பயணி சீட்டுக்குக் கீழேதான் அதன் லித்தியம் பற்றரி இருக்கிறது. தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருந்தால் செலவு பெரிது. கடலோரத்து வாகனமென்றால் உப்புக்காற்று அடிப்பக்கத்தைத் தின்றிருக்கும். கராஜில் தூக்கிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

அட்வான்ஸ் கட்டத்தான் வேண்டும் என்றால், சின்னத் தொகை கட்டுங்கள். சொன்ன கிலோமீற்றரையும், பிழை கண்டால் காசைத் திருப்பித் தருவதாகவும் ரசீதில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தருபவரிடம் மேலே பேசலாம்.

அம்மாவையும் ஒருநாள் கூட்டிப் போங்கள். முன் சீட்டில் ஏற்றி, கதவைச் சாத்தி, இறக்கிப் பாருங்கள். முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கு வேகன் ஆரின் சீட் உயரம் வசதியானது. அந்த மாதிரியைத் தேடிப் போனதில் உங்கள் பக்கம் ஒரு பிழையும் இல்லை, தங்கச்சி.