குளோனிங் பன்றியின் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. சர்க்கரை நோயால் சிறுநீரகங்கள் பழுதாகி, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறோம். என் சிறுநீரகம் பொருந்துகிறது. சென்னையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் பணமும் சேர்த்துவிட்டோம். மகனோ, “அமெரிக்காவில் குளோனிங் பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்துகிறார்கள். அம்மா ஏன் உடம்பை அறுத்துக்கொள்ள வேண்டும்? இரண்டு வருடம் பொறுங்கள்” என்கிறான். பொறுக்கலாமா?
– ஒரு வாசகி, ரோஸ்ஹில், மொரிஷியஸ்

பதில்: பொறுக்க வேண்டாம், சகோதரி.

மகன் சொல்வது கட்டுக்கதை அல்ல. 2024 மார்ச்சில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 62 வயது நோயாளிக்குப் பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். அது யுகாட்டான் என்னும் சிறுரகப் பன்றியினுடையது. பண்ணைப் பன்றி 200 கிலோவைத் தாண்டும். அதன் உறுப்பு மனித உடலுக்குள் வந்த பிறகும் பெருத்துக்கொண்டே போகக்கூடும். சிறுரகத்தில் அந்தத் தொல்லை குறைவு.

குளோனிங், அதாவது ஒரு செல்லிலிருந்து அதே மரபணுக்கள் கொண்ட விலங்கை உருவாக்குவது, எதற்கு? பன்றியின் செல்களில் உள்ள மூன்று வகைச் சர்க்கரைக் கூறுகளைக் கண்டதும் நம் உடல் தாக்கத் தொடங்கும். அதன் மரபணுத் தொகுதிக்குள்ளேயே வைரஸ்களும் ஒளிந்திருக்கின்றன. பாஸ்டன் பன்றியில் செய்த மாற்றங்கள் மொத்தம் 69: சர்க்கரைக் கூறுகளை உண்டாக்கும் மரபணுக்களில் 3 முடக்கம், 7 மனித மரபணுக்கள் சேர்ப்பு, 59 இடங்களில் வைரஸ் முடக்கம். பிறந்த பன்றியில் இதையெல்லாம் செய்ய முடியாது. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் செய்து, பிசகில்லாமல் அமைந்த செல்லைப் பொறுக்கி எடுக்கிறார்கள். பன்றியின் கருமுட்டையில் மரபணுக்கள் இருக்கும் உட்கருவை மெல்லிய கண்ணாடி ஊசியால் உறிஞ்சிவிட்டு, அந்தச் செல்லை உள்ளே செலுத்தி, சிறு மின்துடிப்பால் இரண்டையும் இணைக்கிறார்கள். அப்படி உருவான கரு தாய்ப்பன்றியின் வயிற்றில் 114 நாள் வளர வேண்டும். நூறு கருக்களை வைத்தாலும் குட்டியாகப் பிறப்பவை ஒரு சிலவே. இவ்வளவு பாடுபட்டு உருவாக்கும் விலங்கு மலிவாகவோ விரைவாகவோ கிடைக்காது.

முதல் நோயாளி இரண்டு மாதத்துக்குள் இறந்தார். சிறுநீரகத்தால் இறந்ததாகத் தெரியவில்லை என்றது மருத்துவமனை. 2025 ஜனவரியில் இன்னொருவருக்குப் பொருத்தியது 271 நாள் உழைத்தது. அதன் பிறகு எடுத்துவிட்டார்கள். இவை பெரிய சாதனைகள், மனதாரச் சொல்கிறேன். ஆனால் உயிருடன் இருப்பவர் தரும் சிறுநீரகம் 15 ஆண்டுக்கு மேல் உழைப்பது சாதாரணம். டயாலிசிஸில் கழியும் ஒவ்வொரு வருடமும் இதயத்தை நலிவிக்கிறது. உங்கள் கணவர் தாங்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே அறுவை சிகிச்சை நடக்கட்டும். நீங்கள் அவருக்குக் கொடுத்த சிறுநீரகம் பிற்காலத்தில் தளர்ந்தால், அன்று பன்றியின் உறுப்பு தேறியிருக்கலாம். இன்று நீங்கள் கொடுப்பதால் அந்த வழி அடைபடாது.

மகனின் கவலை உங்களைப் பற்றியது. அதற்கும் பதில் வேண்டும். மொரிஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. எனவே வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனையோடு நிறுத்தாமல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையையும், சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்பதையும் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இவற்றில் குறை தெரிந்தால் நீங்கள் கொடுக்கக் கூடாது. வேறு உறவினரைத் தேட வேண்டும். மகனையும் அதே நாளில் அழைத்துச் சென்று, அவருக்கும் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள்.