புதுச் சுவருக்குத் தஞ்சாவூர் ஓவியம்: அவசரம் வேண்டாம்

கேள்வி: சென்னை வேளச்சேரியில் இப்போதுதான் கட்டி முடித்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கியிருக்கிறோம். அடுத்த மாதம் கிரகப்பிரவேசம். அதற்குள் வரவேற்பறைக்கு ஒரு தஞ்சாவூர் ஓவியம், குத்துவிளக்கு, ஜமக்காளம் ஆகியவற்றை வாங்க எண்ணுகிறோம். தரமானவற்றை எப்படிக் கண்டறிவது?

பதில்: விளக்கையும் ஜமக்காளத்தையும் இப்போதே வாங்குங்கள், ஓவியத்தை மட்டும் ஒரு கோடை கழியும்வரை தள்ளிப்போடுவது நல்லது. புதிதாகப் பூசிய சுவரில் ஈரம் உள்ளுக்குள் நெடுநாள் தங்கியிருக்கும். தஞ்சாவூர் ஓவியமோ, பலகையின் மேல் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த கலவையால் புடைப்பு வேலை செய்து, அதன்மீது கற்களையும் தங்கத்தாளையும் பதித்து உருவாக்கப்படுவது. ஈரம் ஏறினால் பலகை உப்பும். புடைப்பில் விரிசல் விழும். தாளும் பெயர்ந்து வரும். குளியலறையை ஒட்டிய சுவரில் எத்தனை ஆண்டுகள் கழித்தும் அதை மாட்டாதீர்கள்.

ஓவியத்தின் விலையை உயர்த்தும் முக்கியக் காரணங்களில் ஒன்று தங்கத்தாள். நல்ல ஓவியங்களில் 22 காரட் தாளைப் பதிப்பது வழக்கம். மலிவானவற்றில் தங்க நிறத் தாளை ஒட்டிவிடுகிறார்கள், அது நாளடைவில் கறுத்துப்போகும். புதிதாக இருக்கும்போது இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பதால், காரட் அளவை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். கண்ணாடி போடுவதற்கு முன்பே படத்தைப் பார்க்க முடிந்தால் மிகவும் நல்லது. விளக்கொளி பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்தால், கற்களைச் சுற்றிப் பசை கசிந்திருப்பதும், புடைப்பின் ஓரங்களில் தாள் சரியாக அழுந்தாமல் தூக்கி நிற்பதும் தெரிந்துவிடும். பிறகு முகத்தை நெருங்கிப் பாருங்கள். புருவமும் இமைக்கோடும் தடுமாற்றமில்லாமல் ஓடியிருக்க வேண்டும். வரைந்தவரின் கைத்தேர்ச்சியை, எத்தனை கல் பதித்திருக்கிறது என்பதைவிட அந்தக் கோடுகளே சொல்லும் என்பது என் உறுதியான கருத்து.

குத்துவிளக்கு என்றால் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நாச்சியார்கோவிலில் வார்த்ததையே பரிந்துரைப்பேன். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியிலுள்ள பிரபை ஆகியவற்றைத் தனித்தனியே வார்த்து மரையிட்டுப் பொருத்துவதால், கடையிலேயே கழற்றி மாட்டிப் பாருங்கள்: மரை வழுக்கக் கூடாது, சமதரையில் வைத்தால் ஆடக் கூடாது. ஒரு காந்தத்தையும் கையோடு கொண்டுபோங்கள். அது ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு. சென்னை அண்ணா சாலையிலுள்ள பூம்புகார் விற்பனை நிலையம் அரசு நிறுவனத்துடையது என்பதால், விளக்கு, ஓவியம் இரண்டின் விலையையும் முதலில் அங்கே விசாரித்துவிட்டு மற்ற கடைகளுக்குச் செல்லலாம்.

ஜமக்காளத்துக்குப் பவானிதான். ஆனால் அந்தப் பெயரில் விசைத்தறித் துணிகளும் விற்கப்படுவதால், கைத்தறி முத்திரையைப் பார்த்து, இயன்றால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள்.

ஓவியத்தை மாட்டும் நாள் வரும்போது, சுவர் எதனால் ஆனது என்று கட்டுநரிடம் கேட்டறியுங்கள். எடை குறைந்த சிமென்ட் கற்களால் எழுப்பிய சுவரில் திருகாணியைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் சாதாரண பிளக் கனமான சட்டத்தைத் தாங்காது. அதற்கென உள்ள நீளமான பிளக்கைப் பயன்படுத்த வேண்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளையிடாதீர்கள். மின்கம்பிக் குழாய் பெரும்பாலும் அவ்வழியேதான் செல்லும்.