எந்த எலெக்டிவ் எடுக்கலாம் சார்?

புது செமஸ்டருக்கு எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம், தேர்வு செய்யும் நேரம். பொறியியல் கல்லூரி ஒன்றில் ஃபேகல்டி அட்வைசராக இருக்கும் பேராசிரியர், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி (சி.எஸ்.இ., ஐந்தாம் செமஸ்டர்): சார், எலெக்டிவ் தேர்வு செய்ய கூகுள் ஃபார்ம் வந்திருக்கிறது, நாளை மாலை கடைசி. வகுப்பில் பாதிப் பேர் "ஈஸி பேப்பர்" என்று ஒரே பாடத்தைப் போடுகிறார்கள். நானும் அதையே போடவா?

பதில்: நாளை மாலை வரை நேரம் இருக்கிறதே, போதும். முதலில் பாடத்தின் பெயரை மறந்துவிடுங்கள். 'டேட்டா', 'கிளவுட்' என்று ஒரு சொல்லைப் பார்த்தாலே கை தானாக டிக் அடித்துவிடும். சிலபஸ் பி.டி.எஃப்.பைத் திறந்து, தலைப்புக்குப் பக்கத்தில் எல், டி, பி, சி (லெக்சர், டுடோரியல், பிராக்டிகல், கிரெடிட்) என்ற நான்கு எழுத்துகளுக்குக் கீழே உள்ள எண்களைப் பாருங்கள். 3 0 0 3 என்றால் வாரத்துக்கு மூன்று பீரியட் தியரி, லேப் இல்லை, மூன்று கிரெடிட் (பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாட மதிப்பு). 2 0 2 3 என்றால் இரண்டு தியரி, இரண்டு லேப். கிரெடிட் அதே மூன்றுதான், ஆனால் நான்கு பீரியட் உட்கார வேண்டும், ரெக்கார்டும் எழுத வேண்டும்.

இதைக் கேட்டதும் லேப் இல்லாத பாடத்துக்கு ஓடிவிடாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிகளில்) தியரி பாடத்துக்குக் கல்லூரி போடும் இன்டர்னல் மார்க் 40, செமஸ்டர் தேர்வு 60. லேப் சேர்ந்த பாடத்துக்கு 50, 50. லேப்பை அன்றன்றே முடித்துவிடுகிறவருக்கு இது லாபம். எல்லாவற்றையும் ஸ்டடி லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவருக்குத் தலைவலி. நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம், மூன்றாவது யூனிட்டைப் படித்துப் பாருங்கள். முதல் யூனிட் எல்லாப் பாடத்திலும் 'அறிமுகம்' என்று நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். பாடத்தின் சுயரூபம் மூன்றாவதில் தெரியும். அங்கே நிகழ்தகவும் மேட்ரிக்ஸும் வரிசை கட்டி நிற்கின்றன, அந்தக் கணக்கு பேப்பரை நீங்கள் தட்டுத்தடுமாறித்தான் தாண்டினீர்கள் என்றால், நண்பர்களுக்கு ஈஸியாக இருப்பது உங்களுக்கு ஈஸி இல்லை.

கேள்வி: நாங்கள் ஃபார்மில் எதைப் போட்டாலும் டிபார்ட்மென்ட் நினைத்த பாடத்தைத்தான் நடத்துகிறார்கள். அப்புறம் எதற்கு சார் இந்தத் தேர்வு?

பதில்: கோபம் நியாயம்தான். பட்டியலில் பாடங்கள் நிறைய இருக்கும். நடத்த ஆள் இருக்கும் பாடம் இரண்டோ மூன்றோதான். எந்த ஆசிரியர் எந்தப் பாடத்தை நடத்துவது என்பது பெரும்பாலும் முந்தைய செமஸ்டர் முடியும்போதே, ஸ்டாஃபுக்கு ஒர்க்லோடு பிரிக்கும்போது முடிவாகிவிடும். ஃபார்ம் வரும்போது கேட்டால் தாமதம். முந்தைய செமஸ்டரின் மாடல் எக்ஸாம் நேரத்திலேயே, அந்தப் பாடம் வேண்டும் என்பவர்கள் ஒரு செக்‌ஷன் நடத்தும் அளவுக்குச் சேர்ந்து, பெயர், கையெழுத்தோடு துறைத் தலைவரான எச்.ஓ.டி.யிடம் கடிதம் கொடுங்கள். தனியாகப் போய் நின்றால் "பார்க்கலாம்பா" என்பதோடு முடிந்துவிடும்.

கேள்வி (மெக்கானிக்கல்): எலெக்டிவ்வுக்குப் பதில் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் கோர்ஸ் எடுத்தால் தப்பித்துவிடலாம் என்கிறார்கள் சீனியர்கள்.

பதில்: தப்பிக்க என்று எடுத்தவர்கள்தான் அதில் அதிகம் மாட்டுகிறார்கள். மூன்று கிரெடிட்டுக்கு 12 வாரக் கோர்ஸ் வேண்டும். அதில் வாராவாரம் அசைன்மென்ட் உண்டு, கடைசித் தேதி தாண்டினால் ஏற்க மாட்டார்கள். பன்னிரண்டில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். கோர்ஸில் சேருவது இலவசம். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து பணம் கட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு வீடியோ முழுவதும் பார்த்து முடித்தாலும் சர்டிஃபிகேட் வராது. சேருவதற்கு முன்பே, இந்தக் கோர்ஸை எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்பீர்கள் என்று எச்.ஓ.டி.யிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி (ஒரு அம்மா): மகள் பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். பிளஸ் டூ வரை தமிழ்தான் படித்தாள். இப்போது மொழிப் பாடமான பகுதி ஒன்றில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும், தமிழ்த் தொல்லை இருக்காது என்கிறாள். விடலாமா?

பதில்: பிரெஞ்சு பிடித்திருந்தால் எடுக்கட்டும். தமிழ் இருக்காது என்ற கணக்குதான் தப்பு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான விதிப்படி, பிளஸ் டூ வரை தமிழ் படித்துவிட்டுப் பகுதி ஒன்றில் வேறு மொழி எடுப்பவர்கள், பகுதி நான்கில் சிறப்புத் தமிழ் என்று இரண்டு தாள் எழுத வேண்டும். பகுதி ஒன்றில் தமிழ் எடுப்பவர்களுக்கோ அந்த இடத்தில் வேறு துறைப் பாடம் ஒன்றைத் தேர்வு செய்யும் வாய்ப்பு கிடைக்கும். அதாவது வேதியியல் படிக்கிற பெண் கணினியோ இதழியலோ கொஞ்சம் பார்க்கலாம். பிரெஞ்சுக்காக அதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தே முடிவு செய்யட்டும். பிரெஞ்சை முதல் எழுத்திலிருந்து தொடங்குவதும் அவள் நினைக்கிற அளவுக்கு விளையாட்டு இல்லையம்மா.

கேள்வி: இரண்டு அரியர் இருக்கிறது. ஹானர்ஸ் போடலாமா சார்?

பதில்: வேண்டாம் தம்பி. போடவும் விட மாட்டார்கள். ஹானர்ஸ் பட்டம் என்றால் வழக்கமான பாடங்களுக்கு மேல் 18 கிரெடிட் கூடுதல் சுமை. அரியர் இல்லாமல் 7.5 சி.ஜி.பி.ஏ. வேண்டும். அரியர் தேர்வு ரெகுலர் தேர்வுகளுக்கு நடுவில்தான் வரும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஒரே நாளில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதனால் இந்த செமஸ்டரில் எலெக்டிவ்வாவது பழகிய பாடமாக இருக்கட்டும்.

கேள்வி (இ.சி.இ.): பாடம் எடுப்பவர் சுமார்தான், ஆனால் பாடம் பிடித்திருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: உங்கள் கல்லூரி தன்னாட்சியா, இணைப்புக் கல்லூரியா? இணைப்புக் கல்லூரி என்றால் கேள்வித்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். அவர் கையில் இருப்பது இன்டர்னல் மட்டும். பழைய கேள்வித்தாளையும் நல்ல புத்தகத்தையும் வைத்துச் சமாளித்துவிடலாம். தன்னாட்சி என்றால் பாடம் எடுப்பவரே கேள்வித்தாளும் எடுக்க வாய்ப்பு உண்டு. அப்போது ஒருமுறை யோசியுங்கள், அவரிடம் படித்த சீனியர்கள் இரண்டு பேரை விசாரியுங்கள். அதிலும் ஃபெயிலானவர் ஒருவர் இருக்கட்டும்.

கேள்வி: முதல் இரண்டு வாரம் பாடமே நடக்காது. ஊரிலேயே இருந்துவிட்டு வரலாமா?

பதில்: அட்டெண்டன்ஸ் முதல் நாளே ஆரம்பமாகிவிடும். 75 சதவீதம் வேண்டும். 65க்கும் 75க்கும் இடையில் என்றால் மருத்துவச் சான்றிதழ் போன்ற காரணம் காட்ட வேண்டும். 65க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். பின்னால் காய்ச்சல் வரும், அக்கா கல்யாணம் வரும். அதற்கெல்லாம் லீவை மிச்சம் வையுங்கள். எலெக்டிவ்வை மாற்ற விடும் கல்லூரிகளில் அதுவும் பெரும்பாலும் இந்த முதல் வாரங்களில்தான். ஞாயிறு இரவே பஸ் ஏறிவிடுங்கள்.