1 மி.மீ. அலுமினியத் தகட்டில் எம்4 பிரஸ் நட் (4 மி.மீ. ஸ்குரூவுக்கு, துளையில் அழுத்திப் பொருத்தும் நட்டு) அமுக்கினேன். ஸ்குரூவை இறுக்கினால் நட்டும் சேர்ந்து சுற்றுகிறது. ஏன்?

துளையை வெர்னியரில் அளந்து பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

1 மி.மீ. தகட்டில் நேரடியாக எம்4 மரை போட்டால் ஒன்றரைச் சுற்றுகூடத் தேறாது. மரை இடைவெளியே 0.7 மி.மீ. ஆகவே பிரஸ் நட் சரியான தேர்வுதான். ஆனால் அது தகட்டை வெட்டிக்கொண்டு உள்ளே போகும் பொருள் அல்ல. நட்டின் பல்வளையம் துளையோரத்து உலோகத்தை அமுக்க, அது பிதுங்கி, நட்டின் கழுத்திலுள்ள பள்ளத்துக்குள் போய் அடைகிறது. பற்கள் சுற்றவிடாது, பள்ளத்தில் அடைந்த உலோகம் கழன்று வரவிடாது. துளையோரத்தில் உலோகம் குறைந்தால் இரண்டுமே போச்சு.

எம்4-க்குத் துளை 5.4 மி.மீ. அதற்கு மேல் 0.08 வரை போகலாம், கீழே இறங்கக் கூடாது. 5.5 பிட் போட்டால் அப்போதே அளவு தாண்டிவிடும். கை ட்ரில்லில் மெல்லிய தகட்டைத் துளைத்தால் பிட் உதறி, துளை வட்டமாக இல்லாமல் முக்கோணச் சாயலில் வரும். தகட்டை இரண்டு மரப்பலகைக்கு நடுவே இறுக்கி, 5.0-இல் துளைத்து, பிறகு 5.4-ஆல் விரிக்கவும். பஞ்ச் செய்ய (அச்சால் அழுத்தித் துளையிட) முடிந்தால் இன்னும் நல்லது. பஞ்ச் நுழைந்த பக்கத்தில்தான் நட்டை வைக்க வேண்டும்.

பிசிறு எடுக்கும் பழக்கம்தான் இங்கே பெரிய எதிரி. பெரிய பிட்டால் துளை வாயை ஒரு சுற்றுச் சுற்றிச் சாய்த்துவிட்டால், பள்ளத்துக்குள் போக வேண்டிய உலோகம் குப்பையில் கிடக்கும். ஸ்டெப் ட்ரில்லும் (படிப்படியாக விட்டம் கூடும் பிட்) வாயைச் சாய்க்கும், கவனம்.

சுத்தியலால் அடிக்கவே கூடாது. உலோகம் பிதுங்க அடி நேரம் தராது. வைஸிலோ ஆர்பர் பிரஸ்ஸிலோ (கைப்பிடியால் அழுத்தும் கருவி), இருபுறமும் தட்டையான எஃகு வைத்து, நேர் இணையாக மெல்ல அமுக்குங்கள். நட்டின் தோள் தகட்டில் சுற்றிலும் ஒட்டியதும் நிறுத்துங்கள். மேலும் அழுத்தினால் தகடு உப்பும், மரை இறுகி ஸ்குரூ விரலால் திருப்ப வராது. துளை மையத்திலிருந்து தகட்டு விளிம்புக்கு 7 மி.மீ. குறையாமல் விடுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு பிதுங்கும்.

ஸ்குரூ நட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும். அப்போதுதான் இறுக்க இறுக்க நட்டு தகட்டை நோக்கி இழுபடும். தகட்டை அனோடைஸ் (மின்வேதி முறையில் ஆக்சைடு பூச்சு) செய்வதாக இருந்தால் அதை முடித்துவிட்டு நட்டை அமுக்குங்கள்; எஃகு நட்டோடு தொட்டியில் இறக்கக் கூடாது. வாங்கும்போது தகட்டுத் தடிமனையும் சொல்லி வாங்குங்கள்: ஒரே எம்4-இல் 0.8, 1.0, 1.4 மி.மீ. தகடுகளுக்குத் தனித்தனிக் கழுத்து நீளம் உண்டு. கழுத்து தகட்டைவிட நீளமாக இருந்தால் அடியில் முட்டி நின்றுவிடும். பற்கள் முழுதாகப் பதியாது.

ஏற்கனவே சுற்றும் நட்டை மறுபடி அமுக்கிப் பயனில்லை. தட்டி எடுத்துவிட்டு, துளையை 6 மி.மீ. ஆக்கி எம்4 ரிவெட் நட் (துளையில் நுழைத்து, பின்பக்கம் பிதுக்கிப் பிடிக்கவைக்கும் நட்டு) போடுங்கள். பெரும்பாலான எம்4 ரிவெட் நட்டுகளுக்கு அதுதான் துளை அளவு, தகடும் வீணாகாது.