மகளுக்குக் கிடைத்த ஆய்வு வேலை: ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, நீங்கள் எழுதியதன் சாரம் இதுதான்: பிசியோதெரபி முடித்த மகளை ஒரு சமூக மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவில் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நோயாளிக்கு வைத்தியம் பார்க்கப் படித்தவள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலையப் போகிறாளே, படித்ததெல்லாம் வீண்தானா?

வீண் இல்லை. அதற்காக எந்த மருத்துவமனை கூப்பிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம் என்றும் சொல்ல மாட்டேன். இந்த வேலை இடத்துக்கு இடம் ரொம்பவே மாறும். சில இடங்களில் நிஜமாகவே ஃபைல் தூக்கத்தான் ஆள் எடுக்கிறார்கள்.

வேலை என்னவென்று முதலில் பார்ப்போம். முதுகுவலிக்கு அறுவை சிகிச்சை நல்லதா, உடற்பயிற்சியும் மாத்திரையும் போதுமா என்று ஒப்பிடும் ஆய்வு ஒன்று நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற நோயாளி அந்த ஆய்வுக்குப் பொருந்துவாரா என்று பார்ப்பது, ஆய்வில் என்ன நடக்கும் என்று அவருக்குப் புரியும்படி விளக்குவது, ஒப்புதல் வாங்குவதில் டாக்டருக்குத் துணையாக நிற்பது, குறித்த தேதிகளில் அவரைத் திரும்ப வரவழைப்பது, வலியையும் நடையையும் அளந்து பதிவது எல்லாம் ஒருங்கிணைப்பாளர் தலையில்தான் விழும். ஆய்வில் இருக்கும் ஒருவர் திடீரென்று ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால், தகவல் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அதை ஆய்வு நடத்தும் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. டாக்டர் பெயரில் ஆய்வு இருக்கும்; அது நாள்தோறும் நகர்வது ஒருங்கிணைப்பாளரால்.

பிசியோதெரபி படித்தவருக்கு இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. முதுகு, எலும்பு, பாதம் பற்றிய ஆய்வுகளில் படத்தை மட்டும் நம்ப முடியாது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம். ஸ்கேனில் தேய்மானம் தெரிகிறது, ஆளுக்கு வலி இல்லை. அப்படியென்றால் சிகிச்சை பலித்ததா இல்லையா என்பதை நோயாளியிடம்தான் கேட்டாக வேண்டும்.

கேட்பதற்கும் முறை இருக்கிறது. முதுகுவலிக்கு 1980 முதல் புழக்கத்தில் உள்ள ஆஸ்வெஸ்ட்ரி கேள்வித்தாளில் 10 பகுதிகள். உட்காருவது, நிற்பது, தூங்குவது, எடை தூக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். பாத வலிக்கு ஃபுட் ஃபங்ஷன் இண்டெக்ஸ் என்று 23 கேள்விகள் கொண்ட ஒன்று உண்டு. பார்க்கச் சாதாரணம். ஆனால் "இப்ப வலி குறைஞ்சிருக்குமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால், டாக்டர் மனம் கோணக் கூடாதென்று பெரியவர் தலையாட்டிவிடுவார். அச்சிட்டிருப்பதை அச்சிட்டபடியே, முகத்தில் எதையும் காட்டாமல் கேட்கப் பழக வேண்டும்.

இன்னொரு உதாரணம், சர்க்கரை நோயாளியின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, அது வளையும் வரை ஒரு விநாடி போல அழுத்தி எடுக்க வேண்டும். நோயாளி கண்ணை மூடியிருக்க வேண்டும். தோல் காய்த்துப்போன இடத்தில் வைக்கக் கூடாது. ஒரே தாளத்தில் தொட்டுக்கொண்டே போனால், உணர்ச்சி இல்லாதவரும் அடுத்தது எப்போது வரும் என்று ஊகித்து 'தெரியுது' என்று சொல்லிவிடுவார். உங்கள் மகளுக்கு நரம்பும் தசையும் எங்கே ஓடுகின்றன என்று தெரியும். எதற்காக அளக்கிறோம் என்று தெரியாமல் கட்டத்தை நிரப்புகிறவரோடு அவளை ஒப்பிடவே முடியாது.

நோயாளிகள் ஆய்வுக்காரர்கள் விருப்பப்படி நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் ஸ்போர்ட் என்ற பெரிய முதுகுத்தண்டு ஆய்வு நடந்தது. 2006இல் வந்த முடிவைப் பாருங்கள்: அறுவை சிகிச்சைக்கென்று குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டவர்களில் மூன்று மாதத்துக்குள் அதைச் செய்துகொண்டவர்கள் பாதிப் பேர்தான். அறுவை வேண்டாம் என்ற பக்கத்தில் ஒதுக்கப்பட்டவர்களில் 30 சதவீதம் பேர் அதே காலத்தில் போய்ச் செய்துகொண்டார்கள். யாரையும் கட்டிப்போட முடியாது; எப்போது வேண்டுமானாலும் விலகுவது அவர்கள் உரிமை. யார் எந்தப் பக்கம் போனார், ஏன் போனார் என்பதை உள்ளபடி எழுதி வைப்பதுதான் ஒருங்கிணைப்பாளர் செய்யக்கூடியது. தப்பாக எழுதிவிட்டால் ஒயிட்னர் தடவக் கூடாது. பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். இந்த ஒழுக்கம் படிந்துவிட்டவர்களை எந்த ஆய்வுக் குழுவும் லேசில் விடாது.

பெரிய மருத்துவக் கல்லூரி இல்லையே என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பெரிய இடங்களுக்குப் பெரும்பாலும் சிக்கலான கேஸ்கள்தான் வந்து சேரும். சாதாரணக் குதிகால் வலி, வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த மூதாட்டி, கூன் விழத் தொடங்கிய எலும்புத் தேய்மானம் எல்லாம் முதலில் வருவது சமூக மருத்துவமனைக்குத்தான். ஆள் குறைவு என்பதால், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவது முதல் தரவைச் சரிபார்ப்பது வரை எல்லாம் அவள் கைக்கு வரும்.

அதே ஆள் குறைவில்தான் ஆபத்தும் இருக்கிறது. டாக்டர் ஓபியும் அறுவையும் முடித்து மிச்ச நேரத்தில்தான் ஆய்வைப் பார்ப்பார். சொல்லிக்கொடுக்க மூத்தவர் யாரும் இல்லாவிட்டால், தப்பான பழக்கம்கூடச் சரியென்று படிந்துவிடும். அதனால் சேருமுன் அவள் நேரில் கேட்கட்டும்: எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர் யார், ஏன் போனார்? இப்போது எத்தனை ஆய்வுகள் நடக்கின்றன? முதல் சில மாதம் யார் கூட இருந்து பழக்குவார்? இதற்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

இந்தச் சமயம் பார்த்து ஏதாவது பயிற்சி நிலையம் பெரிய கட்டணத்தோடு ஒரு சான்றிதழ் வகுப்பைக் காட்டும். அவசரப்பட வேண்டாம். இந்தத் துறைக்கு அடிப்படை ஜிசிபி (குட் கிளினிக்கல் பிராக்டிஸ்) எனப்படும், மருத்துவ ஆய்வை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் உலகளாவிய வழிமுறை. 1996இல் வந்தது, 2025இல் திருத்தப்பட்ட புதிய வடிவம் வந்திருக்கிறது. அதற்கான அடிப்படைப் பயிற்சி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வேலைக்குச் சேர்ந்தால் பெரும்பாலும் மருத்துவமனையே ஏற்பாடு செய்யும். உலக அளவில் மதிப்புள்ள ஒருங்கிணைப்பாளர் தேர்வுகள் ஆயிரக்கணக்கான மணி நேர வேலை அனுபவத்தைக் கேட்பவை. ஆகவே முதலில் வேலை, அப்புறம் தேர்வு.

பின்னால் எங்கே போகலாம் என்றால், பல மருத்துவமனைகளின் ஆய்வைச் சரிபார்க்கும் மானிட்டர், தரவு மேலாண்மை, நெறிமுறைக் குழு அலுவலகம், பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பு, பிசியோதெரபியிலேயே முனைவர் பட்டம் என்று வழிகள் இருக்கின்றன. கிளினிக்குக்கே திரும்பவும் செய்யலாம். ஆனால் கைப்பழக்கம் விட்டுப்போகும், அதை மறைத்துப் பயனில்லை. வாரத்தில் அரை நாளாவது பிசியோதெரபிப் பிரிவில் நோயாளி பார்க்க அனுமதி கேட்கட்டும். தொழில் பதிவு காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாகப் பணம். இந்த வேலைகளில் பல, ஆய்வுக்கு வரும் நிதியை நம்பி நடப்பவை. ஆய்வு முடிந்தால் சம்பளமும் முடியும். எலும்பு ஆய்வுகளில் நோயாளியை இரண்டு வருடம் பின்தொடர்வது சகஜம், ஆனால் வேலை ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கலாம். நியமனக் கடிதத்தில் மருத்துவமனை தன் கணக்கில் சம்பளம் தருகிறதா, ஒரு குறிப்பிட்ட ஆய்வின் கணக்கிலா என்று எழுதியிருக்கும். அந்த வரியை நீங்களும் ஒரு முறை படித்துவிட்டு, இரண்டாவதாக இருந்தால் அடுத்த ஆய்வுக்கு நிதி உறுதியாகியிருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.