படம் நன்றாக வரைந்த பெண்ணுக்கு டிராயிங் வகுப்பில் ஏன் மார்க் குறைகிறது?

ஆச்சி, உங்கள் கடிதம் படித்தேன். பள்ளியில் போட்டோவைப் பார்த்து அச்சு அசலாக வரைந்து பரிசு வாங்கிய மகள், கவின் கலைக் கல்லூரியின் முதல் செமஸ்டரிலேயே "எனக்கு வரையவே வரவில்லை" என்று அழுகிறாள். வேறு படிப்புக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

போட்டோவைப் பார்த்து வரையும்போது பாதி வேலையை கேமராவே முடித்துவிடுகிறது. ஆழமான காட்சியைத் தட்டையாக்கிக் கொடுத்துவிடும். கை அதைப் பிரதியெடுத்தால் போதும். ஸ்டூடியோ வகுப்பில் எதிரே நிஜமான பொருள் இருக்கிறது. தட்டையாக்கும் வேலை இனி அவள் கண்ணுடையது. முதல் சில மாதங்கள் படம் மோசமாகத்தான் வரும்.

ஒரு பித்தளைக் குடத்தைத் தரையில் வைத்துப் பாருங்கள். வட்டமான வாய் நீள்வட்டமாகத் தெரியும். அடிப்பாகமும் வளைந்தே தெரியும், வாயைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. ஆனால் குடம் தரையில் சமமாக நிற்கிறது என்று மனசுக்குத் தெரியுமே! அதனால் முதலாண்டுப் பிள்ளைகள் அடியில் நேர்கோடு போட்டுவிடுவார்கள். மார்க் போவது அங்கேதான்.

பொங்கல் லீவுக்கு வரும்போது உங்கள் வீட்டையே வரையச் சொல்லுங்கள். முகப்பில் உட்கார்ந்தால் பின்கட்டு வாசல்வரை நேராகத் தெரிகிற செட்டிநாட்டு வீடு, பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்தைத் தாளில் காட்டும் முறை, பழக அருமையான இடம். வளவுத் (உள்முற்றத்துத்) தூண்கள் எல்லாம் ஒரே உயரம். ஆனால் தள்ளிப் போகப் போகச் சிறுத்து, இடைவெளியும் நெருங்கி, தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கிப் போவதுபோலத் தெரியும். அந்தத் திசையில் ஓடும் ஆத்தங்குடித் தரைக்கல்லின் கோடுகளும் அதே புள்ளியில் போய்ச் சேரும். உட்கார்ந்து ஒன்று, நின்று ஒன்று வரையட்டும். கண் மட்டம் உயர்ந்தால் அந்தப் புள்ளியும் உயர்வது அவளுக்கே புரியும்.

ஸ்கேல் வேண்டாம். முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியாலும் கட்டைவிரல் நகத்தாலும் தூணின் அகலத்தைப் பிடிக்க வேண்டும். உயரத்தில் அது எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணினால் அளவு கிடைத்துவிடும். அப்புறம் இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள காலி இடத்தையும் ஒரு வடிவமாகவே வரைந்து பார்க்கட்டும். 2பி, 6பி பென்சிலும் கொஞ்சம் கரித்துண்டும் போதும். தப்பான கோட்டை உடனே அழிக்க வேண்டாம். அது பக்கத்தில் இருந்தால்தான் சரியான கோட்டை எங்கே போடுவது என்று தெரியும்.

வேலையைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அனிமேஷன், நகை வடிவமைப்பு, ஜவுளி டிசைன், கலை ஆசிரியர் என எந்தப் பக்கம் போனாலும் போர்ட்ஃபோலியோவைத்தான், அதாவது வரைந்ததில் நல்லதைத் தொகுத்த கோப்பைத்தான், முதலில் கேட்பார்கள். சாஃப்ட்வேரைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். பார்த்து வரையும் பழக்கத்துக்கு இந்த முதலாண்டைப் போல நேரம் பின்னால் கிடைக்காது.

வரைந்த தாள் எதையும் தூக்கிப்போடாமல், தேதி எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆண்டு முடிந்ததும் அந்தக் கட்டோடு இருவரும் வாருங்கள். அப்போதும் மாற வேண்டும் என்றே அவள் சொன்னால், எந்தப் படிப்பு என்று உட்கார்ந்து பேசுவோம்.