சம்பளப் பட்டியலும் துப்பாக்கியும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

காஸா பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நெடுநாளாக உறுத்தும் ஒரு கேள்வி. 2007 ஜூனில் பாலஸ்தீன இயக்கங்களான ஹமாஸும் ஃபத்தாவும் காஸா தெருக்களில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். எல்லையைச் சுற்றி இஸ்ரேலியப் படை நிற்கும்போது சொந்த ஊர்க்காரனையே சுட எப்படி மனம் வந்தது? அலுவலகத்தில் இந்தப் பேச்சு வந்தபோது ஒரு நண்பர், "ஒரு பக்கம் மதவாதிகள், மறுபக்கம் மதச்சார்பற்றவர்கள், மோதாமல் என்ன செய்வார்கள்" என்றார். இன்னொருவர், "எல்லாம் அமெரிக்காவும் இஸ்ரேலும் போட்ட திட்டம்" என்று முடித்துவிட்டார். இரண்டு பதிலுமே எனக்குப் போதவில்லை. அப்புறம், இனியாவது அவர்கள் ஒன்றுசேர வழி இருக்கிறதா?

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

உங்கள் நண்பர்கள் இருவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சண்டை எதற்காக நடந்தது என்று கேட்டால் நான் வேறொன்றைச் சொல்வேன். காஸாவில் ஒரு போலீஸ்காரனுக்கு உத்தரவு போடுவது யார், மாதக் கடைசியில் அவனுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்ற கேள்வி. இதற்குக் கடைசிவரை ஒரே பதில் கிடைக்கவில்லை.

கொள்கை வேறுபாடு உண்மைதான். ஃபத்தா 1950-களின் கடைசியில் யாசர் அராஃபத்தும் கூட்டாளிகளும் தொடங்கிய தேசிய விடுதலை இயக்கம். ஹமாஸ் 1987 டிசம்பரில், இஸ்ரேலுக்கு எதிரான முதல் இண்டிஃபாதா (மக்கள் எழுச்சி) வெடித்தபோது, முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் காஸா கிளையிலிருந்து பிறந்தது. 1974-ல் ரபாத்தில் கூடிய அரபுத் தலைவர்கள், பாலஸ்தீனர்களின் ஒரே சட்டபூர்வப் பிரதிநிதி பாலஸ்தீன விடுதலை அமைப்பான பி.எல்.ஓ.தான் என்று அறிவித்திருந்தார்கள். அந்த பி.எல்.ஓ. ஃபத்தாவின் கையில் இருந்தது. ஹமாஸ் அதில் ஒருநாளும் சேரவில்லை. அதனால் 'மக்களுக்காகப் பேசும் உரிமை யாருக்கு' என்ற வழக்கு ஆரம்பத்திலேயே இருந்தது. ஆனாலும் 1993 வரை இரண்டு தரப்புக்கும் பங்கு போட்டுக்கொள்ளக் கையில் எதுவும் இல்லை. கல்லூரித் தேர்தலில் மோதினார்கள், அவ்வப்போது கைகலப்பு நடந்தது, அவ்வளவுதான்.

1993-ல் இஸ்ரேலும் பி.எல்.ஓ.வும் செய்துகொண்ட ஆஸ்லோ ஒப்பந்தம் வந்தது. 1994-ல் பாலஸ்தீன அதிகார சபை உருவாகி அராஃபத் காஸாவுக்குத் திரும்பினார். அது ஓர் அரசு அல்ல. எல்லை, வான்வெளி, கடல் எல்லாம் இஸ்ரேலின் பிடியில். ஆனால் அதனிடம் போலீஸ் இருந்தது, சிறை இருந்தது, ஆயிரக்கணக்கான வேலைகள் இருந்தன. அந்தப் போலீஸின் முக்கியமான வேலையே இஸ்ரேலைத் தாக்குபவர்களைப் பிடிப்பதுதான் என்று ஒப்பந்தம் எதிர்பார்த்தது. எம்., இந்த இடத்தைக் கவனித்துப் பாருங்கள். ஆக்கிரமிப்பு முடியவில்லை, நாடு கிடைக்கவில்லை. அதற்கு முன்பே பாலஸ்தீனனைப் பாலஸ்தீனன் கைது செய்யும் ஏற்பாடு வந்துவிட்டது.

1994 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. காஸா நகரின் பாலஸ்தீன் மசூதிக்கு வெளியே தொழுகை முடிந்து வந்த கூட்டத்தின்மீது அதிகார சபையின் போலீஸ் சுட்டது. பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். 1996-ல் ஹமாஸ் இஸ்ரேலியப் பேருந்துகளில் நடத்திய தற்கொலைத் தாக்குதல்களில் பொதுமக்கள் பலர் இறந்தார்கள். அதன் பிறகு வேட்டை இன்னும் கடுமையானது. காஸாவில் ஃபத்தாவைச் சேர்ந்த முகமது தஹ்லானின் கீழ் இருந்த தடுப்புப் பாதுகாப்புப் பிரிவு நூற்றுக்கணக்கான ஹமாஸ்காரர்களைப் பிடித்து அடைத்தது. சித்திரவதை நடந்தது. தாடியை மழித்து அவமானப்படுத்தினார்கள். அடி வாங்கியவனுக்கும் அடித்தவனுக்கும் ஒரே ஊர், ஒருவருக்கு மற்றவரின் வீடு எந்தத் தெருவில் என்று தெரியும். பத்து வருடம் கழித்து இந்தக் கணக்குதான் தீர்க்கப்பட்டது.

இன்னொரு முடிச்சு இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை, எனக்கோ இதுதான் முக்கியமாகத் தெரிகிறது. 2003-ல் அராஃபத்தின் அதிகாரத்தைக் குறைக்க அமெரிக்காவும் மற்றவர்களும் வற்புறுத்தியதால் பிரதமர் என்ற பதவியைப் புதிதாக உருவாக்கினார்கள். முதல் பிரதமர் மஹ்மூத் அப்பாஸ். பாதுகாப்புப் படைகளைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார், அராஃபத் விடவில்லை. சில மாதங்களிலேயே, செப்டம்பரில், அப்பாஸ் ராஜினாமா செய்தார். அதே அப்பாஸ் 2005-ல் அதிபரானார். 2006-ல் ஹமாஸின் இஸ்மாயில் ஹனியே பிரதமர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இப்போது படைகளை விடமாட்டேன் என்றவர் அப்பாஸ். ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா எழுதிக் கொடுத்ததுபோல ஒரே போலீஸுக்கு இரண்டு எஜமானர்களைச் சட்டமே உண்டாக்கியிருந்தது. அதிபரும் பிரதமரும் ஒரே கட்சியாக இருந்தபோதே அது ஒத்துவரவில்லை. எதிரெதிர்க் கட்சிகளாக வந்தபோது எப்படி ஒத்துவரும்?

2006 ஜனவரி 25 நாடாளுமன்றத் தேர்தல் முடிவை நினைவுபடுத்துகிறேன். 132 இடங்களில் ஹமாஸ் 74, ஃபத்தா 45. ஆனால் தொகுதி வாக்கு அல்லாமல் கட்சிக்கென்று தனியாக விழுந்த பட்டியல் வாக்குகளில் வித்தியாசம் சொற்பம், ஏறத்தாழ 44 சதவீதமும் 41 சதவீதமும். தொகுதிகளில் ஃபத்தாக்காரர்களே சுயேச்சையாக நின்று வாக்கைப் பிரித்தார்கள். அதனால் ஃபத்தாவுக்குத் தோற்றோம் என்ற எண்ணமே வரவில்லை, ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தார்கள். ஹமாஸோ மக்கள் முழு ஆட்சியையும் தன்னிடம் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தது.

அடுத்த சில வாரங்களில் பாதுகாப்புப் பிரிவுகள், எல்லைச் சாவடிகள், அரசு ஒலிபரப்பு எல்லாம் ஒவ்வொன்றாக அதிபர் அலுவலகத்தின் கீழ் போயின. உள்துறை அமைச்சர் சயீத் சியாமுக்கு அமைச்சகம் இருந்தது, அவர் பேச்சைக் கேட்கப் படை இல்லை. மே மாதம் சுமார் 3,000 பேரைக் கொண்டு ஹமாஸ் தனியாக ஒரு படையைத் தெருவில் இறக்கியது. அப்பாஸ் அது செல்லாது என்றார். அன்றிலிருந்து ஒரே முச்சந்தியில் இரண்டு சீருடைகள் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றன.

இதற்கு நடுவே சம்பளம் நின்றுபோனது. இஸ்ரேலை அங்கீகரி, வன்முறையைக் கைவிடு, பழைய ஒப்பந்தங்களை ஏற்றுக்கொள் என்று அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யா, ஐ.நா. சேர்ந்த நால்வர் குழு நிபந்தனை வைத்தது. ஹமாஸ் மறுத்தது, உதவிப் பணம் வெட்டப்பட்டது. அதிகார சபைக்காக இஸ்ரேல் வசூலித்துக் கொடுத்துவந்த வரிப்பணத்தையும், மாதம் ஏறக்குறைய 5 கோடி டாலரை, நிறுத்தி வைத்துக்கொண்டது. சுமார் 1.5 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்களில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஏராளம், பெரும்பாலோர் ஃபத்தா ஆட்கள். காஸாவில் ஒருவன் சம்பளத்தில் ஏழெட்டுப் பேர் சாப்பிடுவார்கள். அவனுக்கு ஹமாஸ் ஆட்சி என்பது அடுப்பு அணைந்த மாதங்கள். ஹமாஸ் பையனுக்கோ, தான் ஜெயித்த தேர்தலை உலகமும் ஃபத்தாவும் சேர்ந்து பறிக்கிறார்கள் என்ற ஆத்திரம். இருவர் சொன்னதும் உண்மை என்பதுதான் எனக்கு மனசு வலிக்கிற விஷயம்.

2006 டிசம்பர் 11 காலை காஸா நகரில், பள்ளிக்கூடங்கள் நிறைந்த தெருவில், ஒரு காரை வளைத்துச் சுட்டார்கள். அது ஃபத்தா சார்ந்த ஓர் உளவுத்துறை அதிகாரியின் கார். முன்பு ஹமாஸ்காரர்களை ஒடுக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. அன்று அவர் காரில் இல்லை. பள்ளிக்குக் கிளம்பிய அவருடைய மூன்று பையன்கள் இருந்தார்கள், மூத்தவனுக்கே பத்து வயது ஆகவில்லை. மூன்று பேரும் செத்தார்கள். ஹமாஸ் தனக்குத் தொடர்பில்லை என்று மறுத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள் கழித்து, வெளிநாட்டிலிருந்து கோடிக்கணக்கான டாலரோடு திரும்பிய ஹனியே ரஃபா எல்லையில் தடுக்கப்பட்டார். அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் அவருடைய மெய்க்காவலர் இறந்தார்.

சரி, வெளியார் பங்கு. உங்கள் இரண்டாவது நண்பரை நான் ஒதுக்கமாட்டேன். அப்பாஸின் அதிபர் காவல்படைக்குப் பயிற்சியும் பணமும் கொடுக்க அமெரிக்கா வெளிப்படையாகவே ஏற்பாடு செய்தது. ஹமாஸுக்கு ஈரான் பணம் கொடுத்தது. 2006 ஜூனில் இஸ்ரேலியச் சிப்பாய் கிலாத் ஷாலித் பிடிபட்ட பிறகு, ஹமாஸின் அமைச்சர்களையும் எம்.பி.க்களையும் இஸ்ரேல் டஜன் கணக்கில் கைது செய்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே கூட முடியாமல் போனது. இவ்வளவும் நெருப்புக்கு நெய் வார்த்தது. ஆனால் அந்தக் காருக்குள் சுட்ட விரல் உள்ளூர் விரல். அதை வாஷிங்டன் தலையில் கட்டிவிட்டால் அந்தப் பையன்களுக்கு நாம் அநியாயம் செய்கிறோம்.

நிறுத்தவும் முயன்றார்கள். 2006 மே மாதம் இஸ்ரேலியச் சிறையில் ஃபத்தாவின் மர்வான் பர்கூத்தி உட்பட ஃபத்தா, ஹமாஸ், மற்ற இயக்கத் தலைவர்கள் சேர்ந்து ஓர் ஒற்றுமை ஆவணம் எழுதினார்கள். வெளியில் இருந்தவர்களால் முடியாததைக் கைதிகள் செய்தார்கள் என்று அன்று சந்தோஷப்பட்டேன். 2007 பிப்ரவரியில் மெக்காவில் சவூதி மன்னர் முன்னிலையில் உடன்பாடு, மார்ச்சில் ஒற்றுமை அரசு. கட்சி சாராத ஹானி அல் கவாஸ்மி உள்துறை அமைச்சரானார். மே மாதமே விலகினார். அதிகாரமே இல்லாத அமைச்சகத்தில் இருக்க முடியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். அமைச்சர் பதவிகளைப் பங்கு போட்டார்கள், போலீஸை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூன் 10 அன்று அதிபர் காவல்படையைச் சேர்ந்த ஒருவரை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தள்ளிக் கொன்றார்கள். அன்று இரவே ஹமாஸ் ஆள் ஒருவர் இன்னொரு மாடியிலிருந்து தள்ளப்பட்டார். 14-ம் தேதி தடுப்புப் பாதுகாப்புப் பிரிவின் தலைமையகம் விழுந்தது. 1996-ல் அடைபட்டவர்களின் இயக்கம் அந்தக் கட்டடத்துக்குள் கொடியோடு நுழைந்தது. ஒரு வாரத்துக்குள் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். காஸா ஹமாஸின் கைக்குப் போனது. அப்பாஸ் ஹனியேவை நீக்கி, மேற்குக் கரையில் தன் தலைமையிடமான ரமல்லாவில் சலாம் ஃபயாத்தைப் பிரதமராக்கினார். மேற்குக் கரையில் ஹமாஸ் அலுவலகங்கள் எரிந்தன, கைதுகள் தொடர்ந்தன. காஸாவில் ஹமாஸ் செய்ததை மேற்குக் கரையில் ஃபத்தா செய்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் பதிலுக்குச் சாட்சி. காஸாவிலிருந்த தன் ஊழியர்களை வேலைக்குப் போகாதே என்று ரமல்லா சொன்னது. போகாமல் வீட்டில் இருந்தவர்களுக்குச் சம்பளம் அனுப்பியது. காலியான மேஜைகளில் ஹமாஸ் தன் ஆட்களை, ஏறத்தாழ 40,000 பேரை, உட்கார வைத்தது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே காவல் நிலையம், இரண்டு சம்பளப் பட்டியல்.

சேர்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். 2011-ல் கெய்ரோ, 2012-ல் தோஹா, 2014-ல் காஸாவின் ஷாத்தி அகதி முகாம், 2017-ல் மறுபடி கெய்ரோ, 2022-ல் அல்ஜியர்ஸ், 2024 ஜூலையில் பெய்ஜிங். இத்தனை இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2014-லும் 2017-லும் முட்டிக்கொண்ட விஷயங்களைப் பாருங்கள்: அந்த 40,000 பேருக்கு யார் சம்பளம் கொடுப்பது, ஹமாஸின் ஆயுதப் பிரிவை என்ன செய்வது. 2006-ல் இருந்த அதே இரண்டு விஷயம். அடுத்த முறை எந்த ஊரில் கைகுலுக்கினாலும் படத்தைப் பார்க்காதீர்கள். இந்த இரண்டு பற்றியும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் தேடுங்கள்.

2021 மே 22-ல் தேர்தல் என்று அப்பாஸ் அறிவித்தபோது நான் நிஜமாகவே நம்பினேன். வாக்களிக்கத் தகுதி உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பதிவு செய்தார்கள், 36 வேட்பாளர் பட்டியல்கள் போட்டியிடத் தயாராக இருந்தன. கிழக்கு ஜெருசலேமில் வாக்குப்பதிவுக்கு இஸ்ரேல் உறுதி தரவில்லை என்று ஏப்ரல் 29 இரவு தேர்தலைத் தள்ளிவைத்தார். காஸாவில் அன்று பதிவு செய்து காத்திருந்த இளைஞர்களில் பெரும்பாலோர் அதுவரை ஒரு பொதுத் தேர்தலில்கூட வாக்களித்தது கிடையாது.

அன்புடன்.